வேட்புமனு நாள் முடிந்த பிறகு வேட்பாளரை மாற்றலாமா? கோலாலம்பூரின் பத்து (Batu) தொகுதி வாக்காளர் ஒருவரின் பதில்

செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2018இல் பத்து தொகுதியில் தியன் சுவாவின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவருடைய பக்காத்தான் கூட்டணியை வேறு ஆளை நிறுத்தவும் விடவில்லை. அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரையே கடைசி நேரத்தில் மாற்றுகிறார்கள். இங்கே மட்டும் ஏன் இவ்வளவு பிடிவாதம்? கட்சிதானே ஆளை நிறுத்துகிறது, கட்சியே மாற்றிக்கொண்டால் யாருக்கு நஷ்டம்?"

நம் மலேசியச் சட்டப்படி, வேட்புமனு நாள் காலை பத்து மணிக்கு மேல் எந்தக் கட்சியும் ஆளை மாற்ற முடியாது. வேட்பாளர் இறந்துபோனால் மட்டும் விதிவிலக்கு. அந்த வரியோடு பதிலை முடித்துவிடலாம். ஆனால் தம்பியின் கேள்விக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. வேட்பாளர் இறந்துபோவது ஒன்று, தானே விலகுவது இன்னொன்று, மனுவே தள்ளப்படுவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் மாமாக் கடையில் தொடங்கும் பேச்சு விடிய விடிய நீளுகிறது. நான் பத்து தொகுதியின் வாக்காளர், சில தேர்தல்களில் வாக்கு எண்ணும் முகவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அமெரிக்கா. ஜோ பைடன் 2024 ஜூலை 21இல் விலகியபோது ஜனநாயகக் கட்சி அவரை இன்னும் முறைப்படி வேட்பாளராக அறிவிக்கவே இல்லை. கட்சிப் பேராளர்கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையம் வழி வாக்களித்து கமலா ஹாரிசைத் தேர்ந்தெடுத்தார்கள். எந்த மாநிலத்திலும் வாக்குச்சீட்டில் பைடன் பெயர் ஏறியிருக்கவில்லை. ஆகவே அது காலக்கெடு தாண்டிய மாற்றமே கிடையாது. குடியரசுக் கட்சிக்காரர்கள் சிலர் நீதிமன்றம் போவோம் என்று பேசினார்கள், பேச்சோடு நின்றுவிட்டது.

காலக்கெடு தாண்டிய உண்மையான சண்டை 2002இல் நியூ ஜெர்சியில் நடந்தது. செனட்டர் ராபர்ட் டொரிசெல்லி, ஜனநாயகக் கட்சி. நன்கொடையாளர் ஒருவரிடம் பரிசுகள் வாங்கிய விவகாரத்தில் செனட் நெறிமுறைக் குழு அவரைக் கண்டித்திருந்தது, கருத்துக்கணிப்பிலும் பின்தங்கினார். செப்டம்பர் 30ஆம் தேதி விலகினார். தேர்தல் நவம்பர் 5. வாக்குப்பதிவுக்கு 51 நாளுக்கு முன்பே இடம் காலியாகியிருந்தால்தான் மாற்று ஆளை நிறுத்தலாம் என்பது அந்த மாநிலச் சட்டம். இவர் விலகியபோது மிச்சமிருந்தது 36 நாள். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் ஆளை மாற்றுகிறார்கள், ஆட்டம் பாதி நடந்தபின் விதியை மாற்றுகிறார்கள் என்று குடியரசுக் கட்சி கொதித்தது. மாநில உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக வேறு மாதிரி சொன்னார்கள்: 51 நாளுக்குப் பிறகு மாற்றவே கூடாது என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை, வாக்காளருக்கு இரண்டு பெரிய கட்சிகளிலிருந்தும் தேர்வு இருக்க வேண்டும், புதுச் சீட்டு அச்சடிக்கும் செலவை ஜனநாயகக் கட்சியே கட்டட்டும். 78 வயது ஃபிராங்க் லாட்டன்பெர்க் வந்தார், வென்றார்.

நான்கே வருடத்தில் டெக்சாசில் இதே நாடகம் தலைகீழாக ஓடியது. 2006இல் குடியரசுக் கட்சியின் டாம் டிலே கட்சி உள்தேர்தலில் வென்ற பிறகு விலகினார். வெர்ஜீனியாவுக்குக் குடிபோய்விட்டார், அதனால் தகுதி இழந்துவிட்டார், மாற்று ஆளை நிறுத்துகிறோம் என்றது அவருடைய கட்சி. நியூ ஜெர்சியில் "வாக்காளருக்குத் தேர்வு வேண்டும்" என்று வாதாடிய அதே ஜனநாயகக் கட்சி இங்கே "கெடு என்றால் கெடுதான்" என்று வழக்குப் போட்டது. நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. குடியரசுக் கட்சியின் பெயர் சீட்டில் இல்லாமலே தேர்தல் நடந்தது. ஷெல்லி செகுலா-கிப்ஸ் என்ற நீளமான பெயரை வாக்காளர்கள் தாங்களே உள்ளிட வேண்டியிருந்தது. ஜனநாயகக் கட்சியின் நிக் லாம்ப்சன் வென்றார்.

2024இல் வட கரோலினாவில் இன்னும் மோசம். அதிபர் தேர்தலில் தனியாக நின்ற ராபர்ட் கென்னடி ஜூனியரின் பெயரைச் சீட்டில் ஏற்றக் கூடாது என்று கோடையில் போராடியவர்கள் ஜனநாயகக் கட்சியினர். ஆகஸ்டில் அவர் டிரம்ப்பை ஆதரித்து ஒதுங்கி, பெயரை நீக்கச் சொன்னார். உடனே அணிகள் இடம் மாறிக்கொண்டன. தேர்தல் வாரியத்தில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மூவர் இருக்கட்டும் என்றார்கள், குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் இருவர் எடுங்கள் என்றார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்று பிரிந்து எடுக்கச் சொன்னது. அச்சான சீட்டுகள் வீணாயின, செப்டம்பர் 6இல் புறப்பட வேண்டிய அஞ்சல் வாக்குச்சீட்டுகள் தாமதமாயின. அதே வாரம் மிச்சிகனில் உச்ச நீதிமன்றம் அவர் பெயர் இருக்கட்டும் என்றது. ஒரே மனிதர், ஒரே கோரிக்கை, இரண்டு மாநிலத்தில் இரண்டு தீர்ப்பு.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மாற்ற முடிகிறது என்பது பாதி உண்மைதான். விதி தெளிவாக இல்லாத இடத்தில் எந்தக் கட்சிக்கு எது லாபமோ அதுவே அன்றைக்கு அதன் கொள்கை ஆகிவிடுகிறது. தீர்ப்புச் சொல்லும் நீதிபதிமீதும் கட்சிச் சாயம் ஒட்டிக்கொள்கிறது. அந்த வம்பு நமக்கு வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இப்போது நம் ஊர். இங்கே எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற காரியம். ஒன்பது மணிக்கு வாங்கத் தொடங்குவார்கள், பத்து மணிக்குக் கதவு மூடும், பிறகு ஆட்சேப நேரம், அதன் பிறகு தேர்தல் அதிகாரி பெயர்களை அறிவிப்பார். நாடாளுமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 10,000 ரிங்கிட், சட்டமன்றத்துக்கு 5,000. முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். பல வருடத்துக்கு முன் நான் உதவிக்குப் போன ஒரு வேட்பாளருக்கு, வழிமொழிந்தவர் பக்கத்துத் தொகுதி வாக்காளர் என்பது காலை ஒன்பது இருபதுக்குத்தான் தெரிந்தது. ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் பறந்துபோய், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவை அடையாள அட்டையோடு கூட்டிவந்தான். அவர் கையெழுத்துப் போட்டபோது மணி ஒன்பது ஐம்பது. பத்து நிமிடம் தவறியிருந்தால் ஒரு கட்சியின் இரண்டு வருட வேலை தண்ணீரில் போயிருக்கும். அந்த அக்காவின் கை நடுங்கியது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 2018இல் வேட்புமனு நாள் ஏப்ரல் 28, வாக்களிப்பு மே 9. நடுவில் 11 நாள். அதற்குள் சீட்டு அச்சடித்து, வெளிநாட்டு அஞ்சல் வாக்காளருக்கு அனுப்பி, அது திரும்பி வரவும் வேண்டும். அந்த வருடம் வெளிநாட்டில் இருந்த நம்மவர்கள் பலருக்குச் சீட்டு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. முன்பின் தெரியாத பயணிகள் விமான நிலையத்தில் வாக்குறைகளை வாங்கி இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றாம் நாள் ஒரு கட்சி பெயரை மாற்றினால், லண்டனிலோ மெல்பர்னிலோ சீட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வாக்கு என்ன ஆவது? தம்பி கேட்டாரே யாருக்கு நஷ்டம் என்று, முதல் நஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான்.

பத்து தொகுதிக் கதைக்கு வருவோம். தியன் சுவா 2008 முதல் 2018 வரை இங்கே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். கூட்டரசு அரசியலமைப்பின் 48ஆவது விதி என்ன சொல்கிறது என்றால், ஓராண்டுக்குக் குறையாத சிறை அல்லது 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் பெற்று, மன்னிப்பும் கிடைக்காதவர் தகுதி இழப்பார். போலீஸ்காரர் ஒருவரை அவமதித்த வழக்கில் உயர் நீதிமன்றம் இவருடைய அபராதத்தை 2,000 ரிங்கிட்டாகக் குறைத்திருந்தது. சரியாக 2,000. "குறையாத" என்ற சொல் அந்த 2,000ஐ உள்ளே இழுத்துக்கொள்கிறது என்றார் தேர்தல் அதிகாரி. ஆனால் அதற்கு முன் வேறொரு வழக்கில் இதே 2,000 ரிங்கிட் அபராதம் இருந்தும் இவர் 2013இல் நின்று வென்றவர். நீதிமன்றம் அபராதத்தைக் குறைத்ததே தகுதி போகாமல் இருக்கத்தான் என்று அவருடைய தரப்பு நம்பியிருந்தது. இப்படி இரண்டு பக்கமும் வாதமுள்ள ஒரு சட்டக் கேள்விக்கு ஓர் அதிகாரி அரை மணி நேரத்தில் விடை சொன்னார், அந்த விடை அன்றைக்கு முடிவாகவும் ஆகிவிட்டது. எனக்கு இன்றும் வலிக்கிற இடம் இதுதான். அவரை விரும்பாதவர்களும் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கட்சிக்கு வேறு வழி இல்லை. ஏற்கெனவே மனு ஏற்கப்பட்ட சுயேச்சைகளில் 22 வயது சட்ட மாணவர் பி. பிரபாகரனைக் கையில் எடுத்தார்கள். தியன் சுவாவே அவரோடு வீடு வீடாக நடந்தார். மே 9இல் 24,438 வாக்கு பெரும்பான்மையில் அந்தத் தம்பி வென்று நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். பிறகு தியன் சுவாவின் கட்சியான கெஅடிலானில் சேர்ந்தார். 2022இல் கட்சி பிரபாகரனையே நிறுத்த, தியன் சுவா சுயேச்சையாக அவரை எதிர்த்து நின்று தோற்றார். ஒரு காலைப்பொழுதில் நடந்த நிராகரிப்பு நான்கரை வருடம் கழித்தும் ஒரு கட்சிக்குள் கத்தி வீசிக்கொண்டிருந்தது.

"அப்படியானால் சுயேச்சையைத் தத்தெடுப்பதுதான் நம்முடைய மாற்று வழி" என்று சிலர் சொல்கிறார்கள். இனி அது அவ்வளவு சுலபம் இல்லை. 2022 அக்டோபர் 5 முதல் நடப்பில் இருக்கும் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, அரசியலமைப்பில் புதிதாகச் சேர்ந்த 49A விதி, சுயேச்சையாக வென்றவர் ஒரு கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தாலே இடத்தை இழப்பார் என்கிறது. பிரபாகரன் 2018இல் செய்ததை இன்று ஒருவர் செய்தால் தொகுதியில் இடைத்தேர்தல்தான் வரும். கட்சி ஆதரிக்கலாம், பிரச்சாரம் செய்யலாம், ஆனால் அவர் தவணை முழுக்கக் கட்சிக்கு வெளியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தப் புள்ளியைப் பலர் இன்னும் கவனிக்கவில்லை.

ரந்தாவில் நடந்தது இன்னும் கொடுமை. அதே 2018 ஏப்ரல் 28, நெகிரி செம்பிலான் மாநிலச் சட்டமன்றத் தொகுதி அது. கெஅடிலான் வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராமிடம் தேர்தல் ஆணைய நுழைவு பாஸ் இல்லை என்று வேட்புமனு மையத்துக்குள்ளேயே விடவில்லை. மனுவைக் கொடுக்க முடியாததால் எதிரணியான தேசிய முன்னணியின் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவித்தார்கள். பாஸ் இருந்தால்தான் மனுத் தாக்கல் செய்யலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் நம் அரசியலமைப்பின் 118ஆவது விதிப்படி தேர்தலைக் கேள்வி கேட்க ஒரே வழி தேர்தல் முடிந்த பின் போடும் தேர்தல் மனு. நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாததாக்கியது. அடுத்த பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2019 ஏப்ரல் 13இல்தான் ரந்தாவ் மக்கள் சட்டமன்றத்துக்கு வாக்களித்தார்கள். முகமட் ஹசானே 4,510 வாக்கு பெரும்பான்மையில் வென்றார். முடிவு மாறவில்லையே, பிறகு எதற்கு இவ்வளவு அலைச்சல் என்று அப்போது ஒரு நண்பர் கேட்டார். கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்த ஊர் மக்களுக்குத் தங்கள் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கே கிடைக்கவில்லை என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பெரும்பான்மை எவ்வளவு என்பது அவர்கள் சீட்டைக் கையில் வாங்கிய பிறகு தெரிய வேண்டிய விஷயம்.

மரணத்தைப் பொறுத்தவரை நம் விதி நல்ல விதி என்றே சொல்வேன். பாடாங் செராய் பினாங்குக்காரர்களுக்குத் தெரிந்த இடம், கெடா மாநிலத்தில் கூலிம் பக்கம். 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தல். 15ஆம் தேதி முன்கூட்டிய வாக்களிப்பு முடிந்தது. மறுநாள், நவம்பர் 16இல், பக்காத்தான் வேட்பாளரும் நடப்பு உறுப்பினருமான எம். கருப்பையா காலமானார். அந்தத் தொகுதியில் மட்டும் வாக்களிப்பை டிசம்பர் 7க்குத் தள்ளிவைத்து, நவம்பர் 24இல் புதிதாக மனு வாங்கினார்கள். ஏற்கெனவே நின்றவர்கள் மறுபடி மனு கொடுக்க வேண்டியதில்லை. பக்காத்தான் முகமட் சோஃபி ரசாக்கை நிறுத்தியது. வாக்களிப்பு நாளன்றே, பெரிக்காத்தான் என்ற இன்னொரு கூட்டணியின் வேட்பாளர் இறந்துபோன பகாங் தியோமான் சட்டமன்றத்துக்கும் இதே ஏற்பாடுதான். அமெரிக்காவில் இப்படி ஒரே மாதிரியான ஏற்பாடு கிடையாது. மிசூரியில் 2000இல் செனட் வேட்பாளர் மெல் கார்னஹான் விமான விபத்தில் இறந்து மூன்று வாரத்தில், அவர் பெயரே சீட்டில் இருந்து வென்றது. பிறகு அவர் மனைவியை அந்த இடத்துக்கு நியமித்தார்கள். அங்கே மக்கள் ஓர் இறந்த மனிதருக்கு வாக்களித்தார்கள். இங்கே பாடாங் செராய் மக்களுக்குக் கண்ணீரைத் துடைக்க மூன்று வாரமும், பார்த்து யோசிக்க ஓர் ஆளும் கிடைத்தது.

ஆனால் அதே பாடாங் செராய்தான் விலகல் எவ்வளவு சிக்கல் என்பதையும் காட்டியது. மறு வேட்புமனு நடந்த அதே நவம்பர் 24இல் அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார். பக்காத்தானும் தேசிய முன்னணியும் ஒரே அரசாங்கத்தில் சேர்ந்துவிட்டன. ஆனால் பாடாங் செராயில் இரண்டும் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தன. தேசிய முன்னணியில் உள்ள மஇகா கட்சியின் வேட்பாளர் டத்தோ சி. சிவராஜ் பக்காத்தானுக்கு வழிவிட்டு விலகுவதாக வாக்களிப்புக்குச் சில நாள் முன்பு அறிவித்தார். அறிவித்தாலும் பெயரும் தராசு சின்னமும் சீட்டிலேயே இருந்தன. 2,983 பேர் அதில் குறியிட்டார்கள். அந்த வாக்குகள் செல்லும் வாக்குகள்தான், எண்ணப்பட்டன. பெரிக்காத்தானின் அஸ்மான் நஸ்ருடின் 16,260 பெரும்பான்மையில் வென்றதால் அது முடிவைத் தொடவில்லை. நெருக்கமான தொகுதியாக இருந்திருந்தால்? "நான் விலகிவிட்டேன்" என்ற அறிவிப்பு சட்டத்தின் கண்ணில் வெறும் பேச்சு. கேள்விப்பட்டவர் மாற்றிக் குத்துவார், கேள்விப்படாதவர் பழையபடி குத்துவார். அதற்காகத்தான் சொல்கிறேன், தானாக விலகுபவருக்கு மாற்று ஆள் கொடுக்கும் சலுகை கூடவே கூடாது. கொடுத்தால் கருத்துக்கணிப்பைப் பார்த்துவிட்டு ஆளை இறக்கி ஏற்றும் பழக்கம் நம் கட்சிகளுக்கும் வந்துவிடும். டொரிசெல்லி கதை எனக்குப் பிடிக்காததற்கும் இதுதான் காரணம், நீதிபதிகள் எவ்வளவு நல்ல மனத்தோடு தீர்ப்பளித்திருந்தாலும்.

மனுவே தள்ளப்படும் மூன்றாவது வகைக்கு மட்டும் நமக்கு ஒரு கதவு வேண்டும். அதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டுத் தேர்தல் செய்தி பார்ப்பவர்களுக்கு "மாற்று வேட்பாளர்" என்ற சொல் பழக்கம். பெரிய தலைவர் மனுத் தாக்கல் செய்யும் அன்றே அவர் மனைவியோ மகனோ கட்சிக்காரரோ மாற்று வேட்பாளராக இன்னொரு மனு கொடுப்பார். இந்தியாவில் கட்சி கொடுக்கும் பி படிவத்திலேயே இரண்டு பெயர் எழுத இடம் உண்டு. முதல் ஆளின் மனு பரிசீலனையில் தள்ளப்பட்டால் அந்தச் சின்னம் இரண்டாம் ஆளுக்குப் போகும். பரிசீலனைக்கு என்றே தனியாக ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். இரண்டு பெயரும் கெடுவுக்கு முன்பே அதிகாரியின் கையில் இருப்பதால் யாரும் ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. அங்கே முதல் ஆள் தானாக விலகினாலும் மாற்று ஆள் வரலாம். அந்தப் பகுதியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் கட்சியின் நியமனக் கடிதத்தில், வத்திக்கா என்கிறோமே அதில், இரண்டாவது பெயருக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். ஆட்சேபத்தைத் தீர்க்க ஒரு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு நாள் கொடுக்க வேண்டும். தகுதி பற்றிய சட்டக் கேள்வி என்றால், அந்த இரண்டு நாளுக்குள் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் கேட்டு முடிக்க வேண்டும். அதன் பிறகே சீட்டு அச்சுக்குப் போக வேண்டும். பிரச்சாரக் காலத்தைக் குறைந்தது 21 நாளாக்கினால் இதற்கெல்லாம் இடம் இருக்கும். இதை அடுத்த தேர்தலுக்கு முன்பே செய்துவிட வேண்டும். எந்தக் கட்சிக்கு லாபம் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில்தான் நேர்மையாக எழுத முடியும்.

2018 மே 9 காலையில் செந்தூலில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் வாக்களித்துவிட்டு வெளியே வந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக் கேட்டார்: "ஐயா, கண் படத்தைக் காணோமே. எங்கே குத்துறதுன்னு தெரியாம ரொம்ப நேரம் நின்னுட்டேன்." அந்தத் தேர்தலில் பக்காத்தான் தீபகற்ப மலேசியா முழுக்கக் கெஅடிலானின் கண் சின்னத்தில் நின்றது. மாதக்கணக்கில் நாங்களே வீடு வீடாகப் போய்க் கண்ணில் குத்துங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தோம். பத்துவின் சீட்டில் மட்டும் அது இல்லை. கடைசியில் எங்கே குத்தினார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. வத்திக்காவில் இரண்டாவது பெயர் ஒன்று இருந்திருந்தால், அந்தப் பாட்டி தேடிய படம் சீட்டில் இருந்திருக்கும்.